டவரை யார் பார்த்துக்கொள்வது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



நம் செயலாளர் போன் செய்து, "உன் வேலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா. ஆனா சிவில் படிச்சவங்களுக்கும் புரியற மாதிரி பேசு" என்றார். சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் போட்டுக் கொடுக்கும் அஸ்திவாரத்தின் மேல்தான் எங்கள் டவர் நிற்கிறது. அந்த நன்றியோடு தொடங்குகிறேன்.

என் வேலை இதுதான். செல்போன் டவர்களை ஒவ்வொன்றாக மனிதர்கள் உட்கார்ந்து கவனிப்பதற்குப் பதிலாக, அவை தாமே தம்மைக் கவனித்துக்கொள்ளும்படி ஸாஃப்ட்வேர் எழுதுவது. அதிலும் "ஓப்பன் ரான்" எனப்படும் திறந்த ரேடியோ நெட்வொர்க்குகளுக்கு எழுதுவது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், போகப் போகப் புரியும். அதற்கு முன்னால் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த இரவு. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்ததை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2-ஆம் தேதி ரயில்களை நிறுத்தினார்கள். நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். அம்மா கெடாரில், வீட்டில் தனியாக.

சனிக்கிழமை ராத்திரி பேசினோம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து "நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்ற குரல்தான். பக்கத்து வீட்டு நம்பரும் அப்படியே. மாமா நம்பரும் அப்படியே. எல்லா டவரையும் தானாக ஓட வைக்கிறேன் என்று சம்பளம் வாங்குகிறவன் நான். எங்க அம்மாவிடம் ஒரு நிமிஷம் பேச எனக்கு வழி இல்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "கரண்டும் இல்ல, டவரும் இல்ல. நான் இருக்கேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது எந்தக் கம்பெனியின் டவர் என்று நான் சொல்லப் போவதில்லை. புயலில் கரண்ட் போனால் எல்லோருக்கும் ஒரே கதைதான். ஆனால் துறையில் இருக்கிறவன் என்பதால் பிறகு விசாரித்தேன். கரண்ட் போனதும் டவர் பேட்டரிக்கு மாறியது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர ரோடு இல்லை. சில மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சரி, அந்தச் சில மணி நேரம் டவர் என்ன செய்துகொண்டிருந்தது? வழக்கமான ராத்திரி போலவே எல்லா அலைவரிசையையும் முழு சக்தியில் ஓட்டிக்கொண்டிருந்தது. "புயல் வந்தால் வீடியோவுக்கான அலைவரிசைகளை அணைத்துவிடு, பேச்சையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் மட்டும் வைத்துக்கொள், பேட்டரியை இழுத்துப் பிடி" என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று நாள் தாங்கியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கூடுதலாகச் சில மணி நேரம் தாங்கியிருக்கும். அந்த நேரத்தில் எத்தனை பேர், "நாங்க நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்!

செய்யக்கூடிய காரியம்தான். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் இன்று பேச வந்ததே இந்த "யார் சொல்வது" என்பதைப் பற்றித்தான்.

டவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உச்சியில் ஆன்டெனா. அதன் பக்கத்தில் அலையை அனுப்பவும் வாங்கவும் ரேடியோ பெட்டி. கீழேயோ சற்றுத் தள்ளியோ, அந்த அலையை எண்களாக்கிக் கணக்குப் போடும் பெட்டி. இவற்றை எல்லாம் நெடுங்காலம் ஒரே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. மிக்ஸி மாதிரிதான். ஒரு கம்பெனி மிக்ஸிக்கு இன்னொரு கம்பெனி ஜார் பொருந்தாது. ஜார் உடைந்தால் அவர்களிடமே போய், அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். உலகம் முழுவதற்கும் இந்த மிக்ஸி செய்கிறவர்கள் நாலைந்து பெரிய கம்பெனிகள்தான்.

ஏ.டி. அண்ட் டி., சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்.டி.டி. டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்து பெரிய ஆபரேட்டர்கள் சேர்ந்து 2018 பிப்ரவரியில் "ஓ-ரான் அலையன்ஸ்" என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது எளிமையான விஷயம். "எந்த ஜாரும் எந்த மிக்ஸிக்கும் பொருந்தட்டும்." ரேடியோ பெட்டியை ஆர்.யூ. என்றும், உடனுக்குடன் கணக்குப் போடும் பகுதியை டி.யூ. என்றும், அதற்கு மேலே உள்ள பகுதியை சி.யூ. என்றும் பிரித்து, அவை ஒன்றோடொன்று பேசும் பாஷையைப் பொதுவில் எழுதி வைத்தார்கள். ஜப்பானில் ரக்குட்டென் மொபைல் 2020 ஏப்ரலில் இந்த முறையில் ஒரு முழு நெட்வொர்க்கையே வியாபாரத்துக்குத் திறந்தது. கணக்குப் போடும் பகுதிகள் சாதாரண கம்ப்யூட்டர் சர்வர்களில் ஸாஃப்ட்வேராக ஓடின.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிரங்க் கால் புக் செய்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்த காலம். அவர்கள் செய்த 128 இணைப்பு கிராம எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தில் கிட்டூரில் முதன்முதலாக வைக்கப்பட்டது. ஏ.சி. வேண்டாம், புழுதி வெயில் எல்லாவற்றையும் தாங்கும். அந்த டிசைனைப் பல உற்பத்தியாளர்களுக்கும் கொடுத்தார்கள். கிராமம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பப் பெட்டியைச் செய்தார்கள். அதுதான் முக்கியம்.

அதே சி-டாட் இப்போது பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி-யிலும் இருக்கிறது. மையப் பகுதி சி-டாட், டவரில் உள்ள ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது டி.சி.எஸ். இப்படி அமைந்த சுமார் 97,500 டவர்களை 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்தார். இதை முழுமையான ஓப்பன் ரான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல கைகள் சேர்ந்து ஒரு நெட்வொர்க்கைக் கட்ட முடியும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம்.

பல கைகள் சேர்ந்தால் ஒரு தொல்லையும் கூடவே வரும். ஒரே கம்பெனியாக இருந்தபோது கோளாறு வந்தால் திட்ட ஒரே ஆள் இருந்தார். இப்போது ரேடியோக்காரர் டி.யூ.க்காரரைக் கை காட்டுவார். டி.யூ.க்காரர் சர்வர்காரரைக் கை காட்டுவார். சர்வர்காரர் கேபிளைக் கை காட்டுவார். அதற்குள் விடிந்துவிடும். ஒரு இடத்தில் கரண்ட் போனால் நாற்பது அலாரம் ஒரே நேரத்தில் அடிக்கும். நாற்பதுக்கும் காரணம் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆயிரக்கணக்கான டவர்களுக்கு இப்படி ஆள் வைத்து மாளாது. அதனால்தான் திறந்த நெட்வொர்க்குக்குத் தானியங்கி நிர்வாகம் அவசியமாகிறது. அது இல்லாவிட்டால் திறந்து வைத்த வீட்டில் யார் வந்தார் யார் போனார் என்றே தெரியாது.

அந்த நிர்வாகம் எப்படி நடக்கிறது? நம் ஊர் ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இந்தப் போகம் நெல்லா மணிலாவா என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அது நிதானமாக எடுக்கும் முடிவு. எந்த மடையை இன்று திறப்பது என்று நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். வாய்க்கால் உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்கிறது என்றால், மண்வெட்டியோடு நிற்கிறவர் யாரையும் கேட்காமல் அந்த நிமிஷமே மண்ணை வெட்டிப் போட வேண்டும்.

ஓப்பன் ரானிலும் மூன்று அடுக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே எஸ்.எம்.ஓ. என்ற நிர்வாக அலுவலகம். அதற்குள் நிதானமாக யோசிக்கும் ஒரு மூளை, ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்ற வேலைகளுக்கு. அதில் ஓடும் புரோகிராம்களுக்கு "ஆர்-ஆப்" என்று பெயர். இவர்கள்தான் ஊர்க் கூட்டம். அடுத்து, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கிலிருந்து ஒரு நொடிக்குள் முடிவெடுக்கும் இன்னொரு மூளை. அதன் புரோகிராம்கள் "எக்ஸ்-ஆப்". அவர் நீர்க்கட்டி. இந்த மூளைகளுக்குத்தான் ஆர்.ஐ.சி. என்று பெயர். அதைவிட வேகமான காரியங்களை டி.யூ.வே செய்துகொள்ளும். அதுதான் மண்வெட்டி. மேலிருந்து கீழே கட்டளையாக வருவதை "பாலிஸி" என்கிறோம். இந்தப் புரோகிராம்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். டவர் செய்த கம்பெனிதான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. நமக்கு வாசல் திறந்திருப்பது இங்கேதான்.

இப்போது என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். வெற்றியைச் சொன்னால் தூக்கம் வந்துவிடும்.

மொபைல் நெட்வொர்க் தின்னும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த ரேடியோ பகுதியிலேயே போகிறது. அதனால் எல்லா ஆபரேட்டரும் முதலில் கேட்பது மின்சாரச் சிக்கனம். நானும் நண்பர்களும் ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், அதற்கு ஒரு ஆர்-ஆப் எழுதினோம். ஆறு வாரக் கணக்கை எடுத்து, எந்தக் கிழமை எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று புரோகிராமுக்குக் கற்றுக் கொடுத்தோம். ஒரு கோயில் ஊரில் ராத்திரி 11 மணிக்கு மேல் காற்றாடுகிறது. சரி என்று ராத்திரி முழுக்க ஒரு அலைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூங்க வைத்தது. மின் கணக்கு இறங்கியது. மேலதிகாரிகள் கை குலுக்கினார்கள். எங்களுக்குப் பார்ட்டி கூட நடந்தது.

ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த ஊரில் ஆயிரக்கணக்கான பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். டவர் திணறிவிட்டது. டவரிலிருந்து எங்கள் புரோகிராமுக்குக் கணக்கு 15 நிமிஷத்துக்கு ஒரு முறைதான் வரும். கணக்கு வந்து, யோசித்து, தூங்குகிற அலைவரிசையை எழுப்புவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் சாமி கும்பிட்டு முடித்துப் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டு, போன் போகாமல் அலைந்த ஒரு தகப்பனாரின் புகாரும் வந்தது. பிள்ளை கிடைத்துவிட்டான், அது அவர் செய்த புண்ணியம்.

நாங்கள் மறுநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். கிராஃப் போட்டோம், மாடலைத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் அந்த டவரைப் பராமரிக்கும் டெக்னீஷியன் தம்பிக்கு போன் போட்டேன். அவர் சிரித்தார். "சார், நேத்து அமாவாசை சார்" என்றார்.

மேல்மலையனூர் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் புரோகிராம் கிழமையைப் படித்தது. திதியைப் படிக்கவில்லை. அமாவாசை ஒரு தடவை செவ்வாயில் வரும், அடுத்த தடவை வியாழனில் வரும். ஆறு வாரச் சராசரியில் அது கரைந்து போய்விட்டது. கெடாரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் பெங்களூரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்கும் அது தோன்றவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு மூன்று காரியம் செய்தோம். ஓ-ரான் விதிகளிலேயே, நெட்வொர்க்குக்கு வெளியே இருந்து வரும் தகவலைப் புரோகிராமுக்குக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழியாகப் பஞ்சாங்கத்தைக் கொடுத்தோம். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை எல்லாம் ஒரு ஃபைலாகப் போனது. இரண்டாவதாக, கூட்டம் திடீரென்று ஏறினால் மேலே கேட்காமல் உடனே அலைவரிசையை எழுப்பும் அதிகாரத்தை அந்த நீர்க்கட்டி எக்ஸ்-ஆப்புக்குக் கொடுத்தோம். மூன்றாவதாக, "இந்த டவரைத் தூங்க வைக்காதே" என்று சொல்லும் ஒரு பட்டனை அந்த டெக்னீஷியன் தம்பியின் போனிலேயே வைத்தோம். நான் இந்தத் துறையில் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று கேட்டால் அந்த மூன்றாவதைத்தான் சொல்வேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பல பேர் எழுதிய புரோகிராம்கள் ஒரே டவரில் ஓடும். சிக்கனம் பார்க்கும் புரோகிராம் அலைவரிசையை அணைக்கும். கூட்டத்தைப் பங்கிடும் புரோகிராம் அதையே போடச் சொல்லும். அண்ணன் லைட்டை அணைக்க, தம்பி போட, ராத்திரி முழுக்க வீட்டில் இதே கூத்து. இந்தச் சண்டையைத் தீர்க்கவும் ஆர்.ஐ.சி.யில் ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எது முக்கியம், சிக்கனமா பேச்சா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது மனிதன்தான். இயந்திரம் அதை நமக்காக முடிவு செய்யாது. நாம் சொல்லாமல் விட்டால் மின்சாரக் கணக்குப் பார்ப்பவர் சொன்னதுதான் சட்டமாக நிற்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நெட்வொர்க் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்க்கும் நம் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு ஜூனியர் கேட்டார், "அண்ணா, நீங்க எழுதற புரோகிராம் என் வேலையைத்தானே தின்னும்?" மழுப்பிப் பேச எனக்கு மனசு வரவில்லை. அலாரத்தைப் பார்த்து டிக்கெட் போடும் வேலை குறையும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் "நேத்து அமாவாசை சார்" என்று சொல்லத் தெரிந்தவருக்குச் சொல்லும் இடம் ஒன்று வேண்டும். அந்த இடத்தை ஸாஃப்ட்வேரில் வைக்கிறோமா, இல்லையா என்பது எங்களைப் போல எழுதுகிறவர்கள் கையில் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, "டிக்கெட் போடறதோட நிக்காதே. அந்த டிக்கெட் ஏன் வந்ததுன்னு எழுத ஆரம்பி. பாலிஸி எழுதக் கத்துக்கோ" என்பதுதான்.

கடைசியாக, கல்லூரிக்கு இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, ஒரு சிறிய லேப். கோடிக்கணக்கில் வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி, 2022 மே 17-இல் தொடங்கப்பட்ட 5ஜி சோதனைக்களத்துக்கு 220 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. நமக்கு அது வேண்டாம். "ஓப்பன் ஏர் இன்டர்ஃபேஸ்", "எஸ்.ஆர்.எஸ். ரான்" என்று இலவசமாகக் கிடைக்கும் திறந்த ஸாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. நல்ல கம்ப்யூட்டர் இரண்டு, ஸாஃப்ட்வேர் ரேடியோ போர்டு இரண்டு இருந்தால் ஒரு குட்டி டவரை மேஜை மேலேயே ஓட்டலாம். அலைவரிசை லைசென்ஸ் பிரச்சினை வராமல் இருக்க ஆன்டெனாவுக்குப் பதில் கேபிள் போட்டு இணைத்துக்கொள்ளலாம். ஆர்.ஐ.சி.க்கும் திறந்த ஸாஃப்ட்வேர் உண்டு. எங்கள் பேட்ச் நண்பர்கள் போர்டு வாங்கித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். சம்மதிக்காதவர்களையும் சாப்பாட்டு நேரத்தில் பிடிப்பேன்.

இரண்டாவது, காசே வேண்டாத வேலை. விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி பக்கத்து மாணவர்கள் ஊருக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் எந்த நாள் திருவிழா, எந்த ராத்திரி கூத்து, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, எந்த ஏரி உடைந்தால் எந்த ரோடு போகும், டீசல் கேனை எந்த வழியாகக் கொண்டுவரலாம், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வண்டி எந்த மாதம் போகும். இதெல்லாம் எந்தக் கம்பெனி சர்வரிலும் இல்லை. உங்கள் தாத்தா பாட்டி தலையில் இருக்கிறது. இதைப் புரோகிராமுக்குப் புரியும் ஃபைலாக மாற்றுவது உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டாக இருக்கட்டும். நான் வழிகாட்டத் தயார். ஆபரேட்டர்கள் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். தட்டிப் பார்ப்போம். முன்பெல்லாம் தட்டக் கதவே இல்லை.

அடுத்த புயல் வரும். நம் கடற்கரைக்கு அது வராமல் இருக்காது. அன்றைக்கு ரோட்டில் வெள்ளம் ஓடும், டீசல் வராது, அதை என் புரோகிராம் மாற்றாது. டிராக்டரில் கேனை வைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்தாக வேண்டும். ஆனால் அவர் வரும் வரை அந்த டவர் வீடியோவை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கெடாரில் இருக்கிற ஒரு அம்மா பெங்களூரில் இருக்கிற பிள்ளைக்கு, "நான் இருக்கேன்" என்று அந்த ராத்திரியே சொல்ல முடிய வேண்டும். அதற்கான கட்டளையை எழுத இந்த ஹாலில் இருப்பவர்களே போதும்.